ஒருவழிப்பாதை: கல்லுக்கட்டி பக்கத்துக்காரர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

காரைக்குடி கல்லுக்கட்டி பக்கம் இருக்கிறவர்களிடம் ஒரு உதவி. எங்கள் தெருவை ஒருவழியாக்கி ஒன்றரை மாதம் ஆகிறது. நெரிசல் குறைந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை, ஆனால் முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக இருக்கிற வீடு எங்களுடையது, சுற்றிக்கொண்டு வாசலுக்கு வர ஆட்டோக்காரர்கள் யோசிக்கிறார்கள், டாக்டரிடம் போக ஆச்சி வெயிலில் சுவரைப் பிடித்துக்கொண்டே தெருமுனை வரை நடக்கிறார்கள். பார்க்கவே மனசு கேட்கவில்லை.

1988 மோட்டார் வாகனச் சட்டம் 115-ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் கட்டுப்பாடு என்றால் அரசிதழில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு யாரிடமாவது இருக்கிறதா? கடைக்காரர்கள், பள்ளி வேன் ஓட்டுகிறவர்கள், நல்லதோ கெட்டதோ பட்டதை எழுதுங்கள். அப்புறம், திங்கட்கிழமை சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதத் தெரிந்தவர் யாராவது கூட வருவீர்களா?