புதுப்பிப்பு: மெக்ரிட்சி காளான் புதிய இனமா?

சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பாதையோரம் படமெடுத்த காளான் புதிய இனமாக இருக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். டிஎன்ஏ பார்த்தால் தெரிந்துவிடும் எனப் பலர் பதிலளித்தீர்கள். விசாரித்ததில், அது அவ்வளவு எளிதல்ல என்று தெரிகிறது. பூஞ்சைகளின் பொது அடையாளக் குறியாக 2012இல் முன்மொழியப்பட்ட ஐடிஎஸ் என்னும் டிஎன்ஏ பகுதி, தரவுத்தளத்தில் உள்ள எதனுடனும் பொருந்தாமல் போவது ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்ப்பாகாது. ஏனெனில், முன்பே பெயரிடப்பட்ட பல இனங்களின் மூலமாதிரிகளிலிருந்து (பெயரிடும்போது சான்றாகச் சேமித்த மாதிரிகள்) டிஎன்ஏ இன்னும் எடுக்கப்படவே இல்லை. ஆகவே விதைபோல் இனம் பெருக்கும் நுண்துகள்களான ஸ்போர்களின் அளவையும், குடைக்கு அடியிலுள்ள மடிப்புகளான செவுள்களின் நுண்ணமைப்பையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, பழைய விவரிப்புகளோடு ஒப்பிட்டாக வேண்டும் (இதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை). புதிய இனம்தான் என்று தெரிந்தாலும், உலர்த்திய மூலமாதிரியைக் காப்பகத்தில் சேர்த்து, லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரித்து, 2013 முதல் பூஞ்சைகளுக்குக் கட்டாயமாகிவிட்ட பதிவெண்ணையும் பெற்றால்தான் பெயர் செல்லும். என்னிடம் இருப்பவை வெறும் படங்கள். மாதிரி எடுக்க அனுமதி பெற்ற ஆய்வாளர்களிடம் அவற்றை ஒப்படைத்துவிட்டேன்.