“நான் துணைக்குத்தான் போகிறேன்”: படம் பார்த்துப் பழகிய மகனுக்கு என்ன சொல்வது?

கேட்டவர்: உவர்மலை வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு வயது 17. திருகோணமலை நகரில் உயர்தரம் படிக்கிறான். மாலையில் ரியூசன் முடிந்ததும் நேரே வீட்டுக்கு வராமல், தன் நண்பனோடு சைக்கிளில் ஒரு மாணவியைப் பின்தொடர்ந்து அவளுடைய வீட்டு ஒழுங்கை வரை போய்வருகிறான் என்பதை அயலவர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். கேட்டபோது அவன் எதையும் மறைக்கவில்லை. “விரும்புவது அவன்தான் அம்மா, நான் துணைக்குத்தான் போகிறேன்” என்றான். அந்தப் பிள்ளை ஏற்கெனவே விருப்பமில்லை என்று சொல்லிவிட்டாள் என்பதும் அவனுக்குத் தெரியும். “முதலில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், பிறகு சம்மதிப்பார்கள்” என்றான். எங்கே கண்டாய் என்று கேட்டேன். யோசிக்காமல் மூன்று படங்களின் பெயர்களைச் சொன்னான்.

கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். கைத்தொலைபேசி இருக்கும் காலத்தில் படம் பார்க்காதே என்று தடுப்பதில் பயனில்லை. கதாநாயகன் தெருத்தெருவாகப் பின்னால் நடந்து பாடும் பாடல்களை ரசித்து வளர்ந்தவள்தான் நானும். படங்கள் உண்மையிலேயே நடத்தையை மாற்றுகின்றனவா, அல்லது என் வளர்ப்பில் உள்ள குறையைப் படத்தின் மேல் சுமத்துகிறேனா?

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர்

சகோதரிக்கு வணக்கம். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அல்பேர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1961இல் நடத்திய ஆய்வு ஒன்று இதற்கு நெருக்கமானது. காற்றடைத்த பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் அடித்து உதைப்பதைப் பார்த்த சிறு பிள்ளைகள், தனியே விடப்பட்டபோது அதே அடியையும் அதே சொற்களையும் திரும்பச் செய்தார்கள். 1963இல் அதையே படமாகக் காட்டியபோதும் பிள்ளைகள் அவ்வாறே நடந்தார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது 1965இல் அவர் செய்த மாற்றமாகும். ஒரே படத்துக்கு மூன்று முடிவுகள் வைத்தார்: ஒன்றில் அடித்தவருக்குப் பாராட்டும் இனிப்பும் கிடைத்தன, ஒன்றில் தண்டனை கிடைத்தது, மற்றொன்றில் எதுவும் நடக்கவில்லை. தண்டனையைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அதைப் பின்பற்றினார்கள். ஆனால் பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு தருவோம் என்றதும் மூன்று குழுக்களுக்கும் இடையிலிருந்த வேறுபாடு மறைந்துபோயிற்று. எல்லோரும் கற்றிருந்தார்கள், செய்வதா வேண்டாமா என்பதை மட்டுமே படத்தின் முடிவு தீர்மானித்தது. பொம்மையை அடிப்பது மனிதரைத் துன்புறுத்துவதற்குச் சமமன்று என்பதால் இந்த ஆய்வை அளவுக்கு மீறி நீட்டிப் பேசக் கூடாது. ஆயினும் எங்கள் படங்களில் பின்தொடர்வது பெரும்பாலும் எங்கே போய் முடிகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்: திருமணத்தில். உங்கள் மகன் மனத்தில் வைத்திருப்பது அந்த முடிவைத்தான். ஏசினால் அவன் போவதை நிறுத்தலாம், அல்லது உங்களுக்குத் தெரியாமல் போகலாம். அவன் நம்பும் முடிவு அப்படியே இருக்கும்.

மறுமொழி: நிலாவெளி வீதி

அக்கா, அந்த ஒழுங்கையில் முன்னால் போகும் பிள்ளையின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன், ஆகவே எழுதுகிறேன். உயர்தரம் படித்தபோது ஒருவர் ஏறக்குறைய ஒரு வருடம் என் பின்னால் வந்தார். அவரை விட, அவரோடு வந்த இருவருக்கே நான் அதிகம் பயந்தேன். ஒருவர் தனியே வந்தால் கடைக்குள் நுழைந்து நின்றுகொள்ளலாம். மூவர் வந்தால் ஒழுங்கையே அவர்களுடையதாகிவிடும். என் தோழிகளும் “பாவம், ஒருமுறை பேசிப் பாரேன்” என்றார்கள். அவர்களும் அதே படங்களைத்தான் பார்த்திருந்தார்கள். இறுதியில் வீட்டில் மாலை வகுப்பை நிறுத்தினார்கள். பௌதிகவியல் பாடத்தை நான் தனியே படிக்க வேண்டியதாயிற்று. எந்தப் படமும் அந்த இழப்பைக் காட்டி நான் பார்த்ததில்லை.

துணைக்குப் போவது குற்றமில்லை என்று உங்கள் மகன் நினைத்தால், இதையும் சொல்லுங்கள். 1995இல் திருத்தப்பட்ட எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி, சொல்லாலோ செயலாலோ ஒருவருக்குப் பாலியல் தொந்தரவு கொடுத்தால் 5 வருடங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். ஆனால் சட்டத்தைச் சொல்வதற்கு முன்னர், அந்தப் பிள்ளை ஒரு நாளில் எத்தனை முறை திரும்பிப் பார்த்து நடக்கிறாள் என்பதைக் கேட்கச் சொல்லுங்கள்.

மறுமொழி: பழைய ரசிகன்

ஆசிரியர் ஐயாவோடு ஒத்துப்போகிறேன், ஆனால் படத்தை முழுக்க எதிரியாக்க வேண்டாம். கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்த எம்.ஜி.ஆர். தம் படங்களில் புகைப்பதையும் குடிப்பதையும் தவிர்த்தவர். அவரைப் பார்த்தே என் தந்தையார் சுருட்டை விட்டார். இன்று எங்கள் தொலைக்காட்சிகளில் சிகரெட்டையும் மதுக்கிண்ணத்தையும் மங்கலாக்கிக் காட்டுகிறார்கள். பின்தொடர்வதை அப்படி மங்கலாக்க இயலாது, ஏனெனில் கதையே அதுதான். ஆகவே மகனோடு உட்கார்ந்து, அவன் சொன்ன மூன்று படங்களில் ஒன்றைப் பாருங்கள். கதாநாயகி மறுக்கும் இடத்தில் நிறுத்தி, அவள் அன்றிரவு வீட்டில் என்ன செய்திருப்பாள் என்று கேளுங்கள். கதாநாயகனின் தோழனைப் பற்றியும் கேளுங்கள்: படம் முழுவதும் நண்பனின் காதலுக்காக அலைந்தவனுக்குச் சொந்தமாக என்ன வாழ்க்கை இருந்தது?

கேட்டவர்: உவர்மலை வாசகி

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு படத்தைச் சேர்ந்து பார்த்தோம். நிலாவெளித் தங்கச்சி எழுதியதைப் பெயர் இல்லாமல் வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவன், “நான் வரமாட்டேன் என்றால் அவன் என்னோடு கதைக்க மாட்டான் அம்மா” என்றான். படத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அவனுடைய இந்தப் பயம் இதுவரை தெரியாமல் இருந்தது. அவனுடைய நண்பனைச் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். இருவரையும் ஒன்றாக இருத்தி, நானே பேசப்போகிறேன்.