மறு: மறு: கலைச்சொல் வேண்டும் – தோர்சன் விதி, இருவகை லார்வா

சென்னையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். கல்லூரிக்கான கடல் உயிரியல் நூலில் ஓர் இயல் என் கையில். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டென்மார்க்கின் குன்னர் தோர்சன் 1950-இல் விரித்துரைத்து, 1971-இல் மிலைகோவ்ஸ்கி ‘தோர்சன் விதி’ எனப் பெயரிட்ட கருத்துதான் பொருள். வெப்பமண்டலக் கடலடியின் சிப்பி, நத்தை, கடல் முள்ளெலிகளில் பெரும்பாலானவை பொடி முட்டைகளை ஏராளமாக விடும். முட்டையிலிருந்து வந்தும் தாயின் உருவம் பெறாத பருவமான லார்வா நீரில் மிதந்து நுண்பாசி தின்று வாரக்கணக்கில் திரியும். துருவம் நெருங்க நெருங்க இது குறைகிறது. அங்கே பாசி பெருகும் காலம் சொற்பம், குளிரில் வளர்ச்சியும் மந்தம். அதனால் பெரிய முட்டை. அதிலுள்ள கருவுணவிலேயே லார்வா வளரும், அல்லது தாய் சுமந்து வளர்க்கும். லார்வாவை இளவுயிரி என்று கொண்டு, முதல் வகைக்கு ‘மிதவையுண் இளவுயிரி’, கருவுணவில் வளர்வதற்குக் ‘கருவுணவு இளவுயிரி’ என்று வைத்திருக்கிறேன். சரியா?

மதுரையிலிருந்து:
‘கருவுணவு’ சப்பென்று இருக்கிறதே ஐயா. ‘ஆற்றுணா’ என்று அருமையான சொல் கிடக்கிறது. கற்றவனுக்கு ‘ஆற்றுணா வேண்டுவது இல்’ என்பது பழமொழி நானூறு. ஆறு என்றால் வழி. வழிக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவு ஆற்றுணா. ஆற்றுப்படையிலும் இதே ஆறுதான். நீர் போகும் வழி என்பதால்தான் நதிக்கே அப்பெயர் என்பது என் கட்சி. ஆறுதல், ஆற்றல், ஆற்றாமை எல்லாவற்றையும் இந்த வேரிலிருந்தே காட்டலாம், தனி மடலில் எழுதுகிறேன். ஆக, ‘ஆற்றுணா இளவுயிரி’.

தூத்துக்குடியிலிருந்து:
கடல் உயிருக்கு ஏன் சார் ஆற்றுச் சாப்பாடு என்று என் முதல் பெஞ்சே கேட்கும். தனி மடலே போதும். எனக்குச் சிக்கல் ‘இளவுயிரி’யில்தான். எங்கள் மன்னார் வளைகுடாச் சங்கைப் பாருங்கள். மணலில் அடி புதைந்து நிற்கும் முட்டைக்கூட்டைக் குளியாட்கள் சங்குப்பூ என்பார்கள். முறுக்கிய அறைகள் வரிசையாக இருக்கும். குஞ்சு உள்ளேயே ஓடு கட்டி, ஊர்கிற சங்காகவே வெளியே வரும். நீந்தும் பருவமே கிடையாது. அதுவும் இளசுதானே? லார்வாவையும் இதையும் ஒரே சொல்லால் சொன்னால் இயலின் அடிப்படையே போச்சு. வெப்பக் கடலில் இருந்துகொண்டே சங்கு தோர்சனுக்கு அடங்கவில்லை என்பதையும் ஒரு வரி சேருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
இதற்குத்தான் எங்கட பாடநூல்களில் ‘குடம்பி’ இருக்கிறது. நுளம்புக் குடம்பி என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். அங்கே லார்வாவும் இளவுயிரியும் மாறிமாறி வருவது ஏனோ?

மதுரையிலிருந்து:
‘குடம்பை தனித்தொழிய’ என்ற குறளில் பரிமேலழகர் குடம்பையை முட்டை என்கிறார். பிறர் கூடு என்பார்கள். முட்டையைக் குறித்த சொல்லிலிருந்து முட்டையை விட்டு வந்ததற்குப் பெயரா? தொல்காப்பிய மரபியலைக் கேட்டால் பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்றுக்கு, தவழ்பவைக்கும் அதுவே. ஐங்குறுநூற்றில் ஆமைக்குஞ்சும் பார்ப்பு, முதலைக்குஞ்சும் பார்ப்பு. ஊர்ந்து வரும் சங்குக்குஞ்சைச் ‘சங்கின் பார்ப்பு’ என்போமே!

கோவையிலிருந்து:
நந்து என்று சங்கையும் நத்தையையும் ஈரறிவில் வைத்த தொல்காப்பியரிடமே அதன் பிள்ளைக்கும் பெயர் கேட்கிறோம், நல்லது. நான் சொல்ல வந்தது வேறு. அண்டார்டிக்காவில் மெக்மர்டோ பக்கம் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் ஒடோன்டாஸ்டர் வாலிடஸ் நட்சத்திரமீனுக்கும் ஸ்டெரெகினஸ் நியூமயெரி முள்ளெலிக்கும் மேய்ந்து தின்னும் லார்வாதான். ஸ்டெரெகினஸ் லார்வா மாதக்கணக்கில் மிதக்கிறது. அதே கடலில் அபட்டஸ் முள்ளெலி முதுகுக் குழிகளில் குஞ்சுகளைச் சுமக்கிறது. ஆகவே ‘விதி’ வேண்டாம், ‘தோர்சன் போக்கு’ என்போம். அபட்டஸ் செய்வதை ‘அடைகாத்தல்’ என்றும் எழுதாதீர்கள். கோழிபோல் சூடு கொடுப்பதாக மாணவன் நினைப்பான். ‘சுமந்து வளர்த்தல்’ போதும்.

சென்னையிலிருந்து:
விதியை விட முடியாது, மூலத்தில் அப்படித்தான்; விலக்குகளை ஒரு பத்தியில் சொல்கிறேன். ‘சுமந்து வளர்த்தல்’ ஏற்கிறேன். நேரமில்லை. தமிழ்நாட்டு மாணவருக்குப் பழகியது என்பதால் ‘மிதவையுண் இளவுயிரி’, ‘கருவுணவு இளவுயிரி’ என்றே போகிறது. சங்குக்கு ‘நேரடி வளர்ச்சி’, வெளிவருவது ‘குஞ்சு’.

தூத்துக்குடியிலிருந்து:
சரி, போகட்டும். சொல்லடைவில் இளவுயிரிக்குப் பக்கத்தில் லார்வா என்று போடுங்கள், தேர்வில் அப்படித்தான் கேட்பார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
போடுங்கோ. குடம்பியையும் போட்டால் புத்தகம் இங்கேயும் பயன்படும். போடாவிட்டால் நான் வெட்டி எழுதித்தான் படிப்பிப்பன்.

மதுரையிலிருந்து:
அடுத்த பதிப்புக்காவது ஆற்றுணா பரிசீலனையில் இருக்கட்டும். ‘ஆற்றல்’ பற்றிய மடல் நாளை வரும்.