சேறும் சிராய்ப்பும் கருப்பு வெள்ளையில்: ரக்பி வீரர்களின் முகப்படங்கள்

நிழற்பெட்டி:
வேல்ஸில் ஒரு கிராம ரக்பி கிளப். டிசம்பர் சனிக்கிழமை, ஆட்டம் முடிந்த கையோடு 15 பேரையும் எடுக்க வேண்டும். டிஜிட்டல், 85 மி.மீ. லென்ஸ். சோதனைப் படங்களில் சேறு தட்டையாகத் தெரிகிறது, சிராய்ப்புச் சிவப்பு மறைந்தே போகிறது. ஏன்?

இருட்டறை:
கருப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்பு ஸ்லைடரை (அந்த நிறம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பதைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) ஏற்றியிருப்பீர்கள். அது தோலை வெளுக்கவைக்கும், சிராய்ப்பும் அதோடு கரைந்துவிடும். சிவப்பு -25, ஆரஞ்சு -15 என்று இறக்குங்கள். அதற்குக் கீழே போனால் தோல் திட்டுத்திட்டாகும். எல்லோருக்கும் ஒரே எண் வேண்டாம். கருந்தோலுக்கு ஆரஞ்சைத் தொடாதீர்கள். ரா கோப்பு (கேமரா சுருக்காமல் பதியும் மூலத் தரவு) கட்டாயம்.

பக்கஒளி:
சேறு தட்டையாவதற்குக் காரணம் முகத்துக்கு முன்னாலிருந்து நேராக விழும் வெளிச்சம். 2:30க்குத் தொடங்கும் ஆட்டம் முடிவதற்குள் அங்கே பொழுது சாய்ந்துவிடும், ஃபிளாஷ் இல்லாமல் முடியாது. ஒன்று போதும்: 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் (ஃபிளாஷ் ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி), முகத்திலிருந்து ஒரு மீட்டர், பக்கவாட்டில் 70 பாகை. ஷட்டர் 1/160 நொடி, லென்ஸ் துவாரம் எஃப்/8. துவாரத்தை விரித்து எஃப்/2 வைத்தால் கண் கூர்மையாகி, நசுங்கித் தடித்த காது மங்கிவிடும். ஸ்க்ரமில் (இரு அணியும் தோள் கோத்து முட்டித் தள்ளும் கட்டம்) முன்வரிசை ஆடுபவருக்கு அந்தக் காதுதான் முகவரி!

நிழற்பெட்டி:
பின்னணி?

பக்கஒளி:
கரும்சாம்பல் துணி, ஆளுக்கு 1.5 மீட்டர் பின்னால். சிவப்பு ஜெர்சியும் பச்சையும் ஒரே சாம்பலாக வரக்கூடும், அதனால் துணியோடு ஒட்டாமல் தோளில் கொஞ்சம் வெளிச்சம் விழட்டும்.

இருட்டறை:
விளக்கின் வெளிச்சத்தை ஆட்டம் முடிவதற்கு முன்பே அளந்து வையுங்கள். குளிக்கப் போய்விட்டால் படம் போச்சு. காய்ந்த வியர்வைக்குப் பதிலாகத் தண்ணீர் தெளிக்காதீர்கள், சேறு வழிந்து கோடு விழும்.