செல்போன் வைத்தியம்: ஊருக்கு வந்த டாக்டரா, டாக்டர் வராததற்குச் சாக்கா?

கொல்லிமலையான்:

வேறொரு குழுவில் ஒருவர், "வீடியோவில் டாக்டரைக் காட்டுவது ஏழைகளுக்குத் தரும் இரண்டாந்தர வைத்தியம்" என்று எழுதியிருந்தார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. அதனால்தான் இந்த இழை.

எங்கள் மலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஆரம்ப சுகாதார நிலையம் (ஆ.சு.நி.) உண்டு. ஆனால் தோல் டாக்டர், இதய டாக்டர் என்றால் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்க வேண்டும். வயதானவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் கூடப் போகிறவரின் கூலியும் சேர்ந்து போகும். அங்கே காலையிலிருந்து வரிசையில் நின்று உள்ளே போனால், "அதே மாத்திரையைத் தொடருங்கள்" என்று ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தை வீடியோவில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவையான இசஞ்சீவனி அதைத்தான் செய்கிறது. நோயாளி பக்கத்தில் நம்மூர் செவிலியரோ டாக்டரோ உட்கார்ந்து பிரஷர், சர்க்கரை பார்த்துச் சொல்கிறார். அந்தப் பக்கம் இருப்பவர் கேட்டு மருந்து எழுதுகிறார். 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், வீட்டிலிருந்தே பேசும் வசதியும் வந்தது.

அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களைப் பாருங்கள். சின்ன ஊரில் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைப் பரிசோதிக்கிறார், தலைமை மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் இணையம் வழியாகப் பார்த்துச் சொல்கிறார். கண்ணாடி மட்டும் போதுமென்றால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அறுவை சிகிச்சை தேவைப்படுபவர்தான் நகரத்துக்குப் போக வேண்டும். இதை யாராவது இரண்டாந்தரம் என்பார்களா?

செம்பருத்தி:

அண்ணா, நான் கிராம சுகாதார செவிலியர். நீங்கள் சொல்வது நோயாளி பக்கத்துக் கதை. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

டாக்டரோடு வீடியோவில் பேசுவது என் வேலையில் கொஞ்சம்தான். செல்போன் என்றால் எங்களுக்குப் பதிவேற்றம். கர்ப்பிணியைப் பிக்மியில், அதாவது கர்ப்பிணிகளைப் பதியும் அரசு இணையதளத்தில், ஏற்ற வேண்டும், தடுப்பூசியை ஏற்ற வேண்டும், சர்க்கரை, பிரஷர் கணக்கு தனி. ஒரே பெண்ணின் பெயர், வயது, ஆதார் எண்ணை வேறுவேறு இடத்தில் திரும்பத் திரும்ப அடிக்கிறோம். சரி, போனில் ஏற்றியாகிவிட்டதே, நோட்டு வேண்டாமே என்றால் அதுவும் கிடையாது. பதிவேட்டிலும் எழுத வேண்டும், ஆய்வுக்கு வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார். பகலில் சர்வர் வேலை செய்யாது. ராத்திரி வீட்டில் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து ஏற்றுவோம்.

கர்ப்பிணி வீட்டுக்குப் போனால் கால் வீக்கத்தை அழுத்திப் பார்க்க வேண்டும், கண் வெளுப்பைப் பார்க்க வேண்டும், மாமியார் இல்லாத நேரமாகப் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். அந்த நேரத்தில் நான் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாதக் கூட்டத்தில் என்னிடம் கேட்பது "எத்தனை பேரை ஏற்றினாய்" என்றுதான். எத்தனை பேரைப் பார்த்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

குறிமுறை சிவா:

அக்கா, உங்கள் கஷ்டம் நியாயமானது. ஆனால் அது செல்போனின் குற்றமில்லை. ஒரே விவரத்தை மூன்று இடத்தில் கேட்பது துறைகள் ஒன்றோடொன்று பேசாததால் வருவது. நோட்டையும் செயலியையும் சேர்த்து வைத்திருப்பது அதிகாரிகளின் பயம். இரண்டையும் சரிசெய்யலாம்.

பிக்மி மாதிரி ஒன்று இல்லையென்றால் என்ன ஆகும்? முதல் பிரசவம் சிசேரியன், இப்போது ரத்தசோகை என்று ஒரு பெண் இருக்கிறார். ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு வேறு மாவட்டம் போகிறார். அங்கிருக்கும் செவிலியருக்கு இவரைப் பற்றி எப்படித் தெரியும்? நோட்டு இவரோடு பஸ் ஏறிப் போகாது. கணினியில் இருந்தால் அங்கே திறந்து பார்க்கலாம்.

இன்னொன்று. செல்போனால் பலன் உண்டா என்று சந்தேகப்படுபவர்களுக்கு: கென்யாவில் எச்ஐவி மருந்து சாப்பிடுபவர்களுக்கு வாரம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். 538 பேர். 2010இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. குறுஞ்செய்தி பெற்றவர்களில் 62 சதவீதம் பேர் ஒழுங்காக மருந்து எடுத்தார்கள், பெறாதவர்களில் 50 சதவீதம். ஒரு குறுஞ்செய்திக்கு ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள்.

ஆ.சு.நி. டாக்டர்:

சிவா, அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். நீங்கள் விட்டுவிட்ட பகுதிதான் அதன் உயிர். அந்தக் குறுஞ்செய்தி "மருந்து சாப்பிடு" என்று சொல்லவில்லை. சுவாஹிலியில் "மாம்போ?" என்று மட்டும் கேட்டது. எப்படி இருக்கிறீர்கள் என்று பொருள். நலம் என்றோ, பிரச்சினை என்றோ நோயாளி பதில் போட வேண்டும். பிரச்சினை என்றவருக்கும், இரண்டு நாளில் பதிலே போடாதவருக்கும் மருத்துவமனையிலிருந்து ஆள் போன் செய்து பேசினார்கள். பலன் தந்தது அந்த அழைப்பு. அதற்குச் சம்பளம் வாங்கும் ஒரு ஆள் வேண்டும். பிறகு கேமரூனில் நினைவூட்டும் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிச் சோதித்தபோது குறிப்பிடத்தக்க மாற்றம் வரவில்லை.

நம் நாட்டிலும் பார்த்தோம். காசநோய்க்கு 99டாட்ஸ் என்று ஒரு முறை. மாத்திரையைப் பிய்த்தால் உறையில் மறைந்திருக்கும் போன் எண் தெரியும், அதற்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். யோசனை அழகானது. ஆனால் சென்னை, வேலூர், மும்பையில் நோயாளிகளின் சிறுநீரைப் பரிசோதித்து ஒப்பிட்டபோது கணினி சொன்னதும் உடம்பு சொன்னதும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. மாத்திரை சாப்பிட்டவர் கால் செய்ய மறக்கிறார், அல்லது கையில் போன் இல்லை. சாப்பிடாமலே கால் மட்டும் செய்பவரும் உண்டு.

எது வேலை செய்தது என்று கேட்டால் 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைச் சொல்வேன். நோய் உறுதியானதும் ஐந்தாறு விஷயம் பார்க்கிறார்கள்: எடை உயரத்துக்கு எவ்வளவு குறைவு, கால் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. மோசமாக இருப்பவரை உடனே வார்டில் சேர்க்கிறார்கள். இதற்கு ஒரு காகித அட்டை போதும். கூடவே இணையப் பதிவு இருப்பதால் யார் விடுபட்டார் என்று மாவட்டத்தில் பார்க்க முடிகிறது, அது உதவிதான். ஆனால் உயிரைக் காப்பது அட்டைக்குப் பின்னால் தயாராக இருக்கும் படுக்கையும், சாப்பாடும், பார்த்துக்கொள்ள ஆளும்.

கொல்லிமலை நண்பருக்கு: அந்த ஐந்து நிமிடத்தை வீடியோவில் தரலாம், தாராளமாக. ஆனால் வயிற்று வலி என்று வருபவரின் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் நான் மருந்து எழுதமாட்டேன். 2020 மார்ச் 25இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலே எந்த மருந்தை எப்படிப்பட்ட ஆலோசனையில் எழுதலாம் என்று பிரித்து வைத்திருக்கிறது. சில மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதவே கூடாது. என் பயம் வேறு. காலியாக இருக்கும் சிறப்பு மருத்துவர் இடத்தைப் பற்றிக் கேட்டால், "அதுதான் வீடியோ வசதி இருக்கிறதே" என்று ஒருநாள் பதில் வரும்.

திருவாரூர் வாசுகி:

யாருடைய செல்போன் என்று இங்கே இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தானே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கும் பெண்கள் இந்தியாவில் 54 சதவீதம்தான். தமிழ்நாட்டில் அதைவிட அதிகம் என்றாலும் எல்லோரிடமும் இல்லை. எங்கள் தெருவில் பல வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அது கணவரோடு வேலைக்குப் போய்விடும், இல்லையென்றால் பையன் கையில் இருக்கும். கருத்தடை பற்றியோ வெள்ளைப்படுதல் பற்றியோ ஒரு பெண் கேட்க வேண்டியதை அந்தப் போனில் எப்படிக் கேட்பாள்?

கொரோனா தடுப்பூசிக்குப் பதிந்த கோவின் தளம் ஞாபகம் இருக்கிறதா? 2021 மே 1 முதல் 18 வயதிலிருந்து 44 வயது வரை உள்ளவர்கள் இணையத்தில் பதிந்தால்தான் தடுப்பூசி என்றார்கள். அப்போது அந்தத் தளத்தில் தமிழ்கூட இல்லை. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இடம் காலியானதும் மணியடிக்கிற மாதிரி செய்துகொண்டார்கள். வயல் வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்? உச்ச நீதிமன்றமே அந்த மே மாதக் கடைசியில் இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி மத்திய அரசைக் கேட்டது. மையத்துக்கு நேரில் வந்தாலும் போடலாம் என்று பிறகு தளர்த்தினார்கள், சரி. ஆனால் நோய் உச்சத்தில் இருந்த வாரங்கள் அவை. செல்போன் கூடுதல் கதவாக இருக்கும்வரை எனக்கு மறுப்பில்லை. அது ஒன்றே கதவு என்று ஆகும்போது வெளியே நிற்பது எப்போதும் ஒரே ஆட்கள்தான்.

குறிமுறை சிவா:

வாசுகி அக்கா, கோவினில் கட்டாயப் பதிவு தவறு, அதில் வாதமே இல்லை. ஆனால் செல்போனால் ரகசியம் போகும் என்று மட்டும் பார்க்காதீர்கள். ரகசியத்தைக் காப்பாற்றுவதும் அதே போன்தான். 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய மனநல உதவி எண் டெலிமானஸ், 14416. சாதாரண பட்டன் போனிலிருந்து அழைக்கலாம், தமிழில் பேசலாம். மனநல மருத்துவமனை வாசலில் தன்னை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயப்படும் ஒருவர், ராத்திரி மொட்டை மாடியில் நின்று பேசலாம். இதை எந்தக் கட்டடம் கொடுக்கும்? 108 மட்டும் என்ன? 2008இல் இங்கே வந்தது, இன்று குழந்தைக்குக்கூட அந்த எண் தெரியும். அதற்கும் செயலி தேவைப்படவில்லை, போன்தான் தேவைப்பட்டது.

டாக்டர் ஐயா, ஆள் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த ஆளுக்கு யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்று சொல்வது எங்கள் வேலை. ஆயிரம் பேரில் பதில் போடாதவர் நாற்பது பேர் என்றால், அவர்களை நோட்டைப் புரட்டி எப்போது கண்டுபிடிப்பீர்கள்?

கொல்லிமலையான்:

டாக்டர் சொன்ன பயம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பயத்துக்காக இன்று கிடைப்பதை நிறுத்தச் சொல்ல முடியாது. சிறப்பு மருத்துவர் நியமனத்துக்கு நாங்கள் மனு கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம். அதுவரை என் பெரியம்மாவின் பிரஷர் காத்திருக்காது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. பெண் தன்னார்வலர் ஒருவர் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். அவர் அளந்த எண் போனில் ஏறுகிறது. 2024இல் ஐநா விருதும் கிடைத்தது. அங்கே போனையும் ஆளையும் எதிரெதிரே நிறுத்தவில்லையே? போன் வந்ததால் ஆளைக் குறைக்கவில்லை. மலையில் இதே மாதிரி இன்னும் இரண்டு பேரைப் போடுங்கள் என்று கேட்கிறோம். சில ஊர்களில் சிக்னலே இல்லை. அங்கே செயலி சிக்னல் இல்லாமலும் எழுதிவைத்துக்கொண்டு, கீழே வந்ததும் தானே ஏற்ற வேண்டும். இப்போது பாதி எழுதும்போதே எல்லாம் அழிந்துவிடுகிறது என்று எங்கள் தன்னார்வலர் புலம்புகிறார்.

ஆ.சு.நி. டாக்டர்:

அவருக்குக் கிடைப்பது மாதச் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. அதையும் இங்கே பதிவு செய்கிறேன். விருது வாங்கித் தந்த திட்டத்தின் முதுகெலும்பு அவர்தான்.

சிவாவின் நாற்பது பேர் கேள்விக்கு: கண்டுபிடித்துக் கொடுங்கள், நன்றி சொல்வேன். ஆனால் பட்டியலை மாவட்டத்துக்கு அனுப்பி அங்கிருந்து எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வருவதாக இருந்தால் வேண்டாம். காலையில் செவிலியரின் போனில் அன்றைக்குப் பார்க்க வேண்டிய பெயர்கள் வந்து நிற்கட்டும். தகவல் மேலே ஏறுகிற அளவுக்குக் கீழே இறங்குவதே இல்லை. எனக்கு இதில் இருக்கும் பெரிய புகாரே இதுதான்.

குறிமுறை சிவா:

செம்பருத்தி அக்கா, ஒரே ஒரு கேள்வி. நாளைக்கு உங்கள் செயலியைத் திருத்தும் வாய்ப்பு கிடைத்தால் முதலில் எதை மாற்றச் சொல்வீர்கள்? வரி வரியாகச் சொல்லுங்கள்.

செம்பருத்தி:

தம்பி, இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

முதலில், ஒருமுறை அடித்த பெயரையும் எண்ணையும் மறுபடி கேட்கக் கூடாது. பிறகு, டாக்டர் சொன்ன மாதிரி காலையில் ஒரு பட்டியல் வேண்டும்: ரத்தம் குறைவாக உள்ளவர்கள், தேதி நெருங்கியவர்கள், போன மாதம் வராதவர்கள். நான் ஹீமோகுளோபின் 6 என்று அடித்தால் செயலி அதை விழுங்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறது. அந்த இடத்திலேயே டாக்டருக்குத் தகவல் போக வேண்டும், எந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம் அந்த எண் விஷயம். பிக்மி எண் இல்லையென்றால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி வராது, பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்கிறார்கள். செங்கல் சூளைக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்த பெண் எட்டாம் மாதத்தில் என் முன்னால் நிற்கிறாள், கையில் ஒரு காகிதமும் இல்லை. அவளை அப்படியே, ஆதார் இல்லாமல், கணவர் பெயர் இல்லாமல் பதிய ஒரு வழி வேண்டும். பிரசவம் முடிந்து ஊருக்குப் போகும் முன் அவள் குழந்தைக்குச் சான்றிதழ் கிடைக்க வேண்டும்.

நோட்டை நிறுத்துவது உங்கள் கையில் இல்லை, தெரியும். அதற்கு எங்கள் சங்கம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

திருவாரூர் வாசுகி:

சிவா, அந்தப் பட்டியலோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாய்க்கு அனுப்பும் செய்தி குரலாக வரட்டும், எழுத்தாக வேண்டாம். பதிவு செய்யும்போது "இந்த எண் யாருடையது, எந்த நேரத்தில் அழைத்தால் நீங்கள் எடுப்பீர்கள்" என்று அவளிடமே கேட்கட்டும்.