திருமணிமுத்தாறு, சரபங்கா கரையோர விவசாயிகளிடம் ஒரு உதவி

வணக்கம்ங்க. சேர்வராயன் மலையடிவார ஓடைகளில் ஆதிமனிதர் காலத்து மண் அடுக்குகளைத் தேடுகிறேன். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் டோபா எரிமலை வெடித்து, அதன் சாம்பல் இந்தியா வரை படிந்தது. ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன. அத்தனை பெரிய வெடிப்புக்குப் பிறகும் மனிதர் அங்கே இருந்திருக்கிறார்கள்! நினைத்தாலே சிலிர்க்கிறது. நம் பக்கமும் அந்த அடுக்கு இருக்குமா?

கிணறு வெட்டும்போதோ, ஓடைக்கரை சரிந்த இடத்திலோ கோலமாவு மாதிரி நைசான, வெளிர்சாம்பல் நிறப் பட்டை தெரிந்தால் போட்டோ எடுத்து, ஊர்ப் பெயரும் ஆழமும் சொல்லுங்கள். நம்ம ஊர் வெள்ளைக்கல் வேறு, அது கட்டியாக இருக்கும். தயவுசெய்து தோண்டி எடுத்துவிடாதீர்கள்; மண் கலையாமல் இருந்தால்தான் காலம் கணிக்க முடியும். தகவல் வந்தால் நானே நேரில் வந்து பார்க்கிறேன்.