ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் மறுபடி பூக்க வழி உண்டா?

வணக்கம். வேளச்சேரியில் மூன்றாவது மாடி, கிழக்கு பார்த்த பால்கனி. டென்ட்ரோபியம் என்ற இன்னொரு ஆர்க்கிட் வகை கரித்துண்டிலும் தேங்காய் மட்டையிலும் ஜோராக இருக்கிறது. மே மாத வெயிலையே தாங்கிவிட்டது. கவலை ஃபலனாப்சிஸ் பற்றித்தான். வாங்கும்போது பூத்ததோடு சரி, 2 வருடமாக வெறும் இலை. மாமியார் அதைக் கற்றாழை என்றே கூப்பிடுகிறார்! வேர் அழுகவில்லை, நனைத்தால் பச்சையாகிறது. போர் தண்ணீர் உப்பு என்பதால் ஆர்ஓ தண்ணீர்தான். சில வாரம் 25 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் பூந்தண்டு கிளம்பும், 28க்கு மேல் போனால் இலையோடு நின்றுவிடும் என்று படித்தேன். நம்ம ஊரில் மார்கழிப் பகலே 28ஐத் தொடுகிறதே. ராத்திரி ஏசி அறையில் வைத்தால் போதுமா, இல்லை காற்று வறண்டு இலை சுருங்கிவிடுமா? சென்னையில் இரண்டாவது முறை பூக்க வைத்தவர்கள் யாராவது இருந்தால், எந்த மாதம், என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்களேன்.